கார் இருக்கைக்கு எந்த உறை?

2020 இல் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது. பலர் இன்றும் பழைய கார்களைத் திருத்தியே ஓடுகின்றனர். கிழிந்த இருக்கைக்கு உறை மாற்றும்போது நிறத்தையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள்.

றெக்சின் மலிவு, துடைப்பதும் இலகு. ஆனால் காற்றுப் புகாது. வெயிலில் சுடும், வியர்வை தேங்கும். துணி அவ்வளவு சுடாது, ஆனால் அழுக்கை உறிஞ்சும்.

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு இது சிறிய விடயமல்ல. உணர்விழந்த உடலில் சூடும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்து புண் வைத்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அமரும் இருக்கைக்குக் காற்றோட்டமான துணியே நல்லது. தடித்த தையல் அடியில் வரக்கூடாது. அமுங்கிப்போன ஸ்பொஞ்சை முதலில் மாற்றுங்கள். பக்கவாட்டில் எயார்பாக் இருந்தால் அந்த இடத்தை மூடித் தைக்கவேண்டாம். நீண்ட பயணத்தில் இடையிடையே நிறுத்தி, அவர்களை நிலைமாற்றி அமர்த்துங்கள்.