'ஒன்லி டு ஃபைண்ட்' என்றால் கண்டுபிடிக்கப் போனார் என்று அர்த்தமா? கடந்த காலத்தைச் சொல்லும் 'டு'வின் கதை

இந்த ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை படியுங்கள்: 'ஸ்காட் ரீச்ட் தி சவுத் போல், ஒன்லி டு ஃபைண்ட் தட் அமுண்ட்சென் ஹேட் பீட்டன் ஹிம்.'

'டு' வந்தால் 'செய்ய', 'செய்வதற்காக' என்றுதான் நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதே கணக்கில் மொழிபெயர்த்தால், "அமுண்ட்சென் தன்னை முந்திவிட்டார் என்று கண்டுபிடிப்பதற்காக ஸ்காட் தென் துருவத்துக்குப் போனார்" என்று வரும். தோற்றுவிட்டோம் என்று தெரிந்துகொள்ள யாராவது அவ்வளவு தூரம் பனியில் நடப்பார்களா?

நடந்தது இதுதான். பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட்டும் அவருடைய குழுவினர் 4 பேரும் 1912 ஜனவரி 17-ம் தேதி தென் துருவத்தை அடைந்தார்கள். நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14-ம் தேதியே, அதாவது 34 நாள்களுக்கு முன்பே, அங்கு வந்துவிட்டிருந்தார். ஸ்காட் குழுவினர் பார்த்தது அவர் விட்டுச்சென்ற கூடாரத்தையும் நார்வே கொடியையும்தான். திரும்பி வரும் வழியில் 5 பேருமே உயிரிழந்தார்கள்.

அந்த 'ஒன்லி டு ஃபைண்ட் தட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? "போய்ப் பார்த்தா, ஆள் ஏற்கெனவே வந்துட்டுப் போயாச்சு!" அவ்ளோதான். இங்கே 'டு' சொல்வது நோக்கத்தை அல்ல, எதிர்பாராத முடிவை.

'டு'வுக்குக் காலமே கிடையாதா?

கிடையாது. 'ஹியர்', 'ஃபைண்ட்', 'திங்க்' போன்ற வினைச்சொற்களுக்கு முன்னால் 'டு' வந்தால் அதை இன்ஃபினிட்டிவ் என்கிறார்கள். அது இறந்த காலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. காலத்தைச் சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் வரும் வினையும், பின்னால் 'தட்' என்று தொடங்கும் துணை வாக்கியமும்தான்.

ஆறுதல் சொல்லும்போது நாம் எல்லோரும் எழுதும் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட் யூ லாஸ்ட் யுவர் ஃபாதர்.' வருத்தம் இப்போது, இழப்பு நேற்று. நடுவில் இருக்கும் 'டு ஹியர்' இரண்டையும் இணைக்கும் கொக்கி மட்டுமே.

இதையே ஒரு மாதம் கழித்துச் சொன்னால்? 'ஐ வாஸ் சாரி டு ஹியர் தட் யூ ஹேட் லாஸ்ட் யுவர் ஃபாதர்.' 'ஆம்' என்பது 'வாஸ்' ஆனது, 'லாஸ்ட்' என்பது 'ஹேட் லாஸ்ட்' ஆனது. ஆனால் 'டு ஹியர்' அசையவே இல்லை. சிலர் பழைய விஷயம்தானே என்று 'டு ஹேர்ட்' என எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

நமக்கு ஏன் இங்கே குழப்பம் வருகிறது? தமிழில் இந்த இடத்தில் "கேட்க வருந்துகிறேன்" என்று சொல்ல மாட்டோம், "கேட்டு வருந்துகிறேன்" என்போம். 'கேட்டு' என்ற வினையெச்சத்திலேயே அந்தச் செயல் முடிந்துவிட்டது தெரிகிறது. ஆங்கில 'டு'வில் அது தெரியாது. அதனால் அதற்கும் ஒரு இறந்த கால வேஷம் போட்டுவிடத் தோன்றுகிறது.

கோபத்திலும் இதே 'டு' வரும். 'டு திங்க் தட் ஐ டிரஸ்டட் ஹிம்!' இதற்கு "நான் அவனை நம்பினேன் என்று நினைக்க" என்று அர்த்தமில்லை. "இவனைப் போயா நம்பினேன்!" என்பதுதான்.

அப்போ 'டு ஹேவ்' எதற்கு?

சில நேரம் பின்னால் 'தட்' வாக்கியம் இருக்காது. அப்போது கடந்த காலத்தைக் காட்டும் வேலையை இன்ஃபினிட்டிவே செய்ய வேண்டும். அதற்கான வழிதான் 'டு ஹேவ்' போட்டு, வினையின் மூன்றாவது வடிவத்தைச் சேர்ப்பது.

உதாரணம் ஷேக்ஸ்பியர். அவருக்கு 1564 ஏப்ரல் 26-ம் தேதி ஞானஸ்நானம் நடந்ததற்குத் தேவாலயப் பதிவு இருக்கிறது. பிறந்த தேதிக்குப் பதிவு இல்லை. ஏப்ரல் 23 என்பது மரபாகச் சொல்லப்படுவது. அதனால் ஆங்கிலத்தில் 'ஹி இஸ் பிலீவ்ட் டு ஹேவ் பீன் பார்ன் ஆன் ஏப்ரல் 23' என்று எழுதுவார்கள். நம்பிக்கை இப்போது, பிறப்பு அப்போது. தமிழில், "பிறந்ததாக நம்பப்படுகிறது".

செய்திகளில் இந்த வித்தியாசம் ஒருவரின் மானம் சம்பந்தப்பட்டது. "லஞ்சம் வாங்குவதாகப் புகார்" வேறு, "லஞ்சம் வாங்கியதாகப் புகார்" வேறு. முதலாவது தொடர்ந்து நடக்கும் பழக்கம், இரண்டாவது நடந்து முடிந்த ஒரு சம்பவம். ஆங்கிலத்தில் முதலாவது 'இஸ் அலெஜ்ட் டு டேக்', இரண்டாவது 'இஸ் அலெஜ்ட் டு ஹேவ் டேக்கன்'. இரண்டுமே குற்றச்சாட்டு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. இதை யாராவது "லஞ்சம் வாங்கினார்" என்று சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நிரூபிக்கப்படாத ஒன்றை உண்மையாக்கிவிடுகிறார்.

ஆபீஸிலும் இது முக்கியம். நண்பரின் பிரிவு விழாவுக்கு வர முடியாது என்று முன்கூட்டியே சொல்ல 'சாரி டு மிஸ் யுவர் ஃபேர்வெல்'. விழா முடிந்த பிறகு என்றால் 'சாரி டு ஹேவ் மிஸ்ட் யுவர் ஃபேர்வெல்'. அதேபோல 'யூ ஃபர்காட் தி அட்டாச்மென்ட்' என்றால் நேரடிக் குற்றச்சாட்டு. 'யூ சீம் டு ஹேவ் ஃபர்காட்டன் தி அட்டாச்மென்ட்' என்றால், "மறந்துட்டீங்க போலிருக்கு" என்ற மென்மை வந்துவிடும்.

கவனம்: 'வாஸ் டு ஹேவ்' வந்தால் அது நடக்கவே இல்லை

பலரும் சறுக்கும் இடம் இது. 'விக்ரம் வாஸ் டு ஹேவ் லேண்டட் ஆன் தி மூன் ஆன் செப்டம்பர் 7, 2019.' வேகமாகப் படித்தால் 'லேண்டட்' மட்டும்தான் கண்ணில் படும், தரையிறங்கிவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் இதன் பொருள் "தரையிறங்கியிருக்க வேண்டியது" என்பதுதான். சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் அன்று அதிகாலை நிலவின் தரையிலிருந்து சுமார் 2.1 கி.மீ. உயரத்தில் இருந்தபோது தொடர்பு துண்டானது. திட்டமிட்டபடி அது மெதுவாகத் தரையிறங்கவில்லை. அந்தக் கனவு நிறைவேறியது 2023 ஆகஸ்ட் 23-ல், சந்திரயான்-3 மூலம்.

வெறும் 'வாஸ் டு லேண்ட்' என்றால், தரையிறங்குவதாக இருந்தது. இறங்கியதா இல்லையா என்பதை அடுத்த வரியில்தான் பார்க்க வேண்டும். 'வாஸ் டு ஹேவ் லேண்டட்' என்றால் அடுத்த வரி தேவையில்லை, விஷயம் நடக்கவில்லை.

இனி 'டு' உள்ள வாக்கியம் குழப்பினால் மூன்றே மூன்று விஷயங்களைப் பாருங்கள். 'டு'வுக்கு முன்னால் இருக்கும் வினை எந்தக் காலம்? பின்னால் 'தட்' வாக்கியம் இருந்தால் அது எந்தக் காலம்? 'டு'வோடு 'ஹேவ்' ஒட்டியிருக்கிறதா?

பிறகு உங்கள் மெயிலைத் திறந்து பாருங்கள். 'யுவர் ரீஃபண்ட் வாஸ் டு ஹேவ் பீன் கிரெடிட்டட் ஆன் மண்டே' என்று வந்திருந்தால், பணம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வந்திருக்க வேண்டியது, இன்னும் வரவில்லை. கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போடுங்கள்.