குன்றுகளில் பதிந்த புதுக்கோட்டை

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. மழையையும் கண்மாயையும் நம்பிய செம்மண் பூமி. ஊருக்கு ஊர் மொட்டைப் பாறைகள். பயிருக்கு உதவாத அந்தப் பாறைகள்தான் மாவட்டத்தின் பழைய கதையைக் காத்து வைத்திருக்கின்றன.

சித்தன்னவாசல் குன்றின் உச்சியில் ஏழடிப்பட்டம் என்றொரு இயற்கைக் குகை. சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் அதில் வழவழப்பாக இருக்கின்றன. தலைமாட்டில் தலையணை போல் கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரம் தமிழ் பிராமி எழுத்து. ஈராயிரம் ஆண்டுப் பழமை அதற்கு.

அதே குன்றின் குடைவரையான அறிவர் கோயிலை 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கூரையில் ஒரு தாமரைக் குளம். மொட்டு, மலர், இலைகளுக்கு நடுவே மீன், அன்னம், எருமை, யானை. பூப்பறிக்க இறங்கியவர்கள் கையில் தாமரையோடு நிற்கிறார்கள். வண்ணம் நிறைய உதிர்ந்துவிட்டது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் குளம் பிடிபடும்.

குடுமியான்மலையில் பாறையே இசை ஏடு. பல்லவர் கால கிரந்த எழுத்தில் 7 பிரிவுகளாகச் சுரங்களைப் பொறித்திருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று அதன் முடிவில் இருக்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மனா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை.

நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம். சோழன் பெயரைத் தாங்கினாலும், தொடக்கத்தில் முத்தரையர் எழுப்பிய கோயில் அது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். கொடும்பாளூர் மூவர் கோயிலில் மூன்றுக்கு இரண்டுதான் மிச்சம். திருமயத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே குன்றில் குடைவரைகள். மேலே சேதுபதி கட்டிய கோட்டை. ஆவுடையார்கோயில் கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டுமே. அங்கே கூரைக் கொடுங்கையின் அடிப்புறம், மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் அடித்தது போலக் கருங்கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொண்டைமான்கள் ஆட்சி தொடங்கியது. வெள்ளையர் காலத்திலும் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக நீடித்து, சொந்த நாணயமும் வைத்திருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று பொறித்த செப்புக்காசு. ஊர்மக்களுக்கு அது அம்மன் காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அதைத் தானமாகக் கொடுத்துவந்தார்கள். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அம்மன் காசைத் திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.