மூச்சுக் கணக்கு

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யுங்கால், நாம் கேளாத செய்தியையும் எண்கள் சில வேளைகளில் சொல்லிவிடுகின்றன. நெசவாளர் சங்கம் ஒன்றில் துணி வரவுப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தோம். முன்பு மாதம் எட்டுச் சேலைகள் கொடுத்து வந்த ஓர் அங்கத்தினரின் கணக்கு ஆறாகி, ஐந்தாகி, நான்கே ஆண்டுகளில் மூன்றாகக் குறைந்திருந்தது. நூல் தடையின்றி வழங்கப்பட்டிருந்தது. கூலிப் பாக்கியும் இல்லை. அவர் இல்லத்திற்கே சென்று விசாரித்தோம். "தறியில் ஒரு குறையும் இல்லை, ஐயா. தார் சுற்றத்தான் ஆள் இல்லை. வீட்டில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது" என்றார்.

அந்த அம்மையார் முப்பது ஆண்டுகளாகச் சன்னலில்லாத அடுக்களையில் விறகடுப்பின் முன் அமர்ந்தவர். புகையிலையைத் தொட்டறியாதவர். இருமலுக்கு மருந்தும் திணறலுக்கு ஊசியும் பல முறை பெற்றிருந்தார். அவருடைய மூச்சை மட்டும் எவரும் அளந்து பார்த்ததில்லை. பின்னர் பெரிய ஆஸ்பத்திரியில் அளந்தபோது, அவருடைய வயதினருக்கு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லையெனத் தெரிந்தது.

இது நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இதனால் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பீடி, சிகரெட்டுப் புகை மட்டுமன்றி, விறகு, சாணம், சருகு ஆகியவற்றின் புகையும், தொழிலிடத்துத் தூசியும் சுவாசக் குழாய்களைச் சிறுகச் சிறுகக் கெடுக்கின்றன. ஆஸ்துமாவில் அடைப்பு பெரும்பாலும் வந்து நீங்கும். இந்நோயிலோ முழுவதும் நீங்குவதில்லை. வயதாகிவிட்டது என்று நோயாளி தாமே சமாதானம் கூறிக்கொள்வதால், நோய் நெடுநாள் மறைந்தே வளர்கின்றது.

விறகை நம்பி வாழும் கிராமங்களில் இந்நோய் எவ்வளவு பரவியுள்ளது? ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டின் மசிண்டி ஜில்லாவில் இக்கேள்விக்கு விடை தேடினார்கள். 2015-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், 30 வயதுக்கு மேற்பட்ட கிராமத்தாருடைய மூச்சை அளந்ததில், நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நோய் இருந்தது. பெண்களும் ஆண்களுக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டிருந்தனர். நோயுற்றவரில் பத்துக்கு ஏறக்குறைய நால்வர் நாற்பது வயதைக்கூட எட்டாதவர்கள். முதுமையின் நோயென்று எண்ணியது உழைக்கும் பருவத்திலேயே குடிபுகுந்திருந்தது. அடுப்புப் புகை தீங்கு செய்யுமென்பதை அங்குப் பலர் அறியார். சுகாதார ஊழியர்களுக்கும் இந்நோய் நன்கு பழக்கமானதன்று.

ஆகவே ஆராய்ச்சியாளர் கணக்கெடுப்போடு நிற்கவில்லை. முதலில் சுகாதார ஊழியர்களுக்குக் கற்பித்தனர். அவர்கள் கிராமத் தொண்டர்களுக்கும், தொண்டர்கள் அண்டை வீட்டாருக்கும் கற்பித்தனர். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றும் இம்முறை கூட்டுறவாளருக்குப் புதிதன்று. பெருஞ்செலவின்றியே புகையைப் பற்றிய அறிவு ஊரில் பரவியது.

மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரை ஆங்கில மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-இல் உலகிற்கு அறிவித்தார். மார்பு நிறைய இழுத்த காற்றை ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும், முதல் விநாடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் நூற்றுக்கு எழுபது பங்கிற்குக் குறைந்தால் அடைப்பு உண்டெனக் கொள்வர். வலியில்லை; சில நிமிட வேலையே.

இழந்த மூச்சு முழுவதும் மீள்வதில்லை. ஆயினும் எஞ்சியதைக் காக்க வழியுண்டு. புகைப்பதை எந்த வயதில் விட்டாலும் நுரையீரலின் தேய்வு மட்டுப்படும். உறிஞ்சு மருந்தை முறையறிந்து உபயோகித்தால் திணறல் தணியும். மருத்துவர் சொற்படி செய்யும் நடைப் பயிற்சி வலிமை தரும்.

அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் காசநோய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். அது இல்லையெனத் தெரிந்தும் இருமலோ இளைப்போ தொடர்ந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூச்சை அளக்கக் கேளுங்கள்; அங்குக் கருவி இல்லையெனில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்குங்கள். விறகைக் காயவைத்து எரியுங்கள். அடுக்களைக்குச் சன்னல் வையுங்கள். இயன்றவர் எரிவாயுவுக்கு மாறுங்கள். நிர்வாகக் கமிட்டியார் பொதுக்கூட்ட நாளில் சுகாதார ஊழியரை அழைத்துப் பேசச் செய்தல் நலம்.

அந்த அம்மையார் இப்பொழுது உறிஞ்சு மருந்து எடுத்துக் கொள்கிறார். அடுக்களையில் புகை இல்லை. காலையில் சிறிது நேரம் தார் சுற்றுகிறார். சென்ற முறை நாம் பார்த்த புத்தகத்தில் ஐந்து சேலைகள் பதிவாகியிருந்தன. எட்டு இனி வாராது. பத்தாண்டுகளுக்கு முன்பே எவரேனும் அவர் மூச்சை அளந்திருந்தால் வந்திருக்கும்.