யாரும் பார்க்காத படத்துக்கு வாடகை யார் கொடுப்பது?

2018-ம் ஆண்டு நவம்பர் மாதம். மக்கள் தங்கள் போட்டோக்களைப் போட்டு வைக்கும் "பிளிக்கர்" என்ற நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது.

இனி இலவசமாக 1,000 படங்கள்தான் வைத்திருக்கலாம். அதற்கு மேல் இருப்பவை அடுத்த ஆண்டு அழிக்கப்படும். காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது!

இதே நிறுவனம் 2013-ல் ஆளுக்கு 1,000 ஜிகாபைட் இடத்தைச் சும்மா கொடுத்தது. கொடுத்த கை ஏன் பின்வாங்கியது?

செலவு ஒரு முக்கிய காரணம். படங்களை வைக்க டிஸ்குகள் வேண்டும். அவை சுழல மின்சாரம் வேண்டும். சூடு தணியக் குளிர்ந்த காற்று வேண்டும். படத்தை ஒருவரும் பார்க்காவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது.

வைக்கோற்போர்

அழிக்காமலே செலவைக் குறைக்க முடியாதா? முடியும் என்று காட்டினார்கள், அமெரிக்காவின் "பேஸ்புக்" என்ஜினீயர்கள்.

2010-ல் அங்கே இருந்த படங்கள் 6,500 கோடி. ஒவ்வொன்றையும் சிறிதும் பெரிதுமாக 4 அளவுகளில் வைத்ததால் அவை 26,000 கோடி ஆயின! வாரந்தோறும் மேலும் 100 கோடி படங்கள் வந்து குவிந்தன.

முதலில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனி பைலாக வைத்தனர். ஒரு படத்தை எடுக்க டிஸ்கை 3 முறையாவது துழாவ வேண்டியிருந்தது.

மளிகைக் கடைக்காரர் ஒவ்வொரு கணக்கையும் தனிச் சீட்டில் எழுதினால் என்ன ஆகும்? கடை முழுவதும் சீட்டுதான்! ஒரே பேரேட்டில் வரிசையாக எழுதி, பக்க எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

அப்படியே செய்தார்கள். படங்களை ஒரு பெரிய பைலுக்குள் அடுக்கினார்கள். எது எங்கே இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரின் நினைவில் வைத்தார்கள். டிஸ்கை ஒருமுறை தொட்டாலே படம் கிடைத்தது. இடத்துக்கு ஆகும் செலவு 28 சதவீதம் குறைந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு "வைக்கோற்போர்" என்று பெயர் வைத்தார்கள். அதில் உள்ள ஒவ்வொரு படமும் "ஊசி"!

பழைய படம்

படத்துக்கும் வயது உண்டு. போட்ட முதல் நாள் கூட்டம் மொய்க்கும். பிறகு ஆள் இராது. ஓராண்டு ஆன படத்தைவிட, ஒரு நாள்கூட ஆகாத படத்தை 100 மடங்குக்கு மேல் கேட்கிறார்கள்.

ஆனால் இரண்டுக்கும் ஒரே உபசாரம்தான் நடந்தது. டிஸ்க் கெட்டால் படம் போய்விடக் கூடாதே என்று, ஒவ்வொரு படத்துக்கும் 3.6 பங்கு இடம் ஒதுக்கினார்கள்.

பழைய படத்தைத் தூக்கி எறியலாமா? அது எப்படி முடியும்? பத்து ஆண்டுகளாக யாரும் பார்க்காத படத்தை, அப்பா இறந்த அன்று மகள் தேடுவாள்!

இங்கேதான் கணக்குப் பாடம் கைகொடுத்தது.

ஓர் ஊரில் 7 என்ற எண் இருக்கிறது. இன்னோர் ஊரில் 5 இருக்கிறது. மூன்றாவது ஊரில் இரண்டின் கூட்டுத்தொகையான 12-ஐ வைக்கிறோம். இரண்டாவது ஊரில் தீப்பிடித்து 5 அழிந்துவிட்டது. கவலை இல்லை. 12-ல் 7 போனால் 5 வந்துவிடும்! இரண்டு எண்களுக்கும் தனித்தனியே நகல் எடுத்தால் 4 இடம் வேண்டும். இந்த முறையில் 3 இடம் போதும்.

ஏறக்குறைய இதே முறையில் பழைய படங்கள் மூன்று ஊர்களில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு ஊருக்குள்ளும் இன்னொரு தந்திரம் உண்டு. 10 துண்டுகளுக்கு 4 உதவித் துண்டுகள். இந்த 14-ல் எந்த நான்கு கெட்டாலும் படம் பிழைத்துக்கொள்ளும்.

3.6 பங்கு இடம் முதலில் 2.8 ஆயிற்று. பிறகு 2.1 ஆயிற்று. 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி மிச்சமான இடம் 5 கோடியே 30 லட்சம் ஜிகாபைட்!

சாவி

படத்துக்கு உரியவரே அதை அழிக்கச் சொன்னால்?

அடுக்கி முடித்த பழைய படங்களில் கைவைத்தால் கூட்டல் கணக்குக் கலைந்துவிடும். ஆகையால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனி ரகசியச் சாவியால் பூட்டி வைத்தார்கள். அழிக்கச் சொன்னால் சாவியை மட்டும் அழித்துவிடுவார்கள். பிறகு அந்தப் படத்தை யாராலும் திறக்க முடியாது.

படம் இருந்த இடம் என்னவோ வீண்தான். ஆனால் எல்லாவற்றையும் கலைத்துத் திரும்ப அடுக்கும் வேலை மிச்சம்.