அம்முச்சியின் மூக்குத்தி எங்கே போயிற்று?

மண்ணரையில் ஒரு பழைய ஓட்டு வீடு. கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட கலியாணப் படம் ஒன்று. அப்புச்சி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அம்முச்சி பக்கத்தில் நிற்கிறார். பல மழைக்காலங்களில் சுவரில் ஏறிய ஓதம் படத்தையும் விடவில்லை. வெள்ளை வேட்டி மஞ்சளாகிவிட்டது. முகங்களின் மேல் கரும்புள்ளிகள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதை ஸ்கேன் செய்தாள். கணிப்பொறியில் புள்ளி நீக்கும் கட்டளையைக் கொடுத்தாள். சில நொடிகளில் படம் பளிச்சென்று ஆயிற்று. ஓடிப்போய் அம்முச்சியிடம் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா என்ற மூக்குத்தியக் காணமே!" என்றார் அம்முச்சி.

இப்படி ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், மாணவர்களே. கறையை எடுக்கச் சொன்னால் கணிப்பொறி ஏன் மூக்குத்தியையும் சேர்த்து எடுத்தது?

கறை எப்படி வருகிறது?

முதலில் நோயை அறிவோம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் தாளின் மேல் மெல்லிய ஜெலட்டின் படலம் உண்டு. அதனுள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் புதைந்திருக்கின்றன. அவையே படத்தின் கறுப்பு. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் புரதம். பூஞ்சைக் காளானுக்கு அது நல்ல விருந்து. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை முளைத்துப் புள்ளி புள்ளியாகப் பரவும்.

மஞ்சள் நிறம் வேறு வழியில் வருகிறது. படம் கழுவும்போது பயன்படும் ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். அதைத் தண்ணீரில் நன்றாக அலசாமல் விட்டால், மிஞ்சிய கந்தகம் பல ஆண்டுகள் கழித்து வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. அதன் நிறம் பழுப்பு மஞ்சள். வண்ணப் படங்களின் கதை இன்னொன்று. அவற்றில் உள்ளவை மூன்று சாயங்கள். பல பழைய படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். அதனால் படம் முழுவதும் சிவந்து தோன்றும். சாயம் வெளுப்பதைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை!

படம் எண்ணாகிறது

பனியன் துணியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அது சின்னஞ்சிறு நூல் வளையங்களின் வரிசை. கணிப்பொறிப் படமும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு வளையத்துக்கும் படப்புள்ளி என்று பெயர். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் படத்தை 176 வரிசை, 176 நிரையாகப் பிரித்து முதன்முதலில் கணிப்பொறிக்குள் செலுத்தினார். மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 86,40,000 புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் ஓர் எண். கறுப்பு 0, வெள்ளை 255.

படம் எண்ணாகிவிட்டால் பழுது பார்ப்பது கணக்காகிவிடுகிறது. மஞ்சளாகிப்போன வேட்டியின் ஒரு புள்ளியில் சிவப்பு 230, பச்சை 210, நீலம் 160 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை என்றால் மூன்றும் சமமாக இருக்கவேண்டும். ஆகவே படம் முழுவதும் பச்சையை 230/210 ஆலும், நீலத்தை 230/160 ஆலும் பெருக்கினால் மஞ்சள் போய்விடும்.

நடுவில் நிற்பவன் சொல்வதே தீர்ப்பு

இனிக் கரும்புள்ளி. கன்னத்தின் மேல் ஒன்பது புள்ளிகள் இப்படி இருக்கின்றன:

120 122 119
121 15 123
118 120 122

நடுவில் உள்ள 15தான் கறை. சராசரி எடுத்தால் என்ன ஆகும்? கூட்டுத்தொகை 980, ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 109. கறை மங்குகிறதே தவிர மறையவில்லை. இப்போது எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 15, 118, 119, 120, 120, 121, 122, 122, 123. நடுவில் நிற்பது 120. நீங்கள் வகுப்பில் படித்த இடைநிலை அளவுதான் இது. 15ஐ எடுத்துவிட்டு 120ஐ வைத்தால் கறை இருந்த சுவடே தெரியாது.

சரி, மூக்கின் மேல் வேறு ஒன்பது எண்கள்:

142 140 143
141 250 139
144 140 142

இதன் இடைநிலை அளவு 142. நடுவில் இருந்த 250 போய்விட்டது. அந்த 250தான் மூக்குத்தியில் பட்டுத் தெறித்த ஒளி!

கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அண்டை அயலோடு ஒத்துப்போகாத எதையும் கறை என்றே இந்தக் கணக்கு எண்ணுகிறது. பூஞ்சைக்கும் மூக்குத்திக்கும், தூசிக்கும் மச்சத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது.

ஒட்டுப் போடும் கலை

ஆகையால் நல்ல பழுதுபார்ப்பவர் படம் முழுவதற்கும் ஒரே கட்டளை இடமாட்டார். கறை உள்ள இடத்தை மட்டும் தாமே குறித்துக்கொள்வார். கிழிந்த சேலைக்கு அதே சேலையின் ஓரத்து நூலை எடுத்து இழை ஓட்டுவதுபோல, பக்கத்தில் நல்ல இடத்திலிருந்து புள்ளிகளை எடுத்து வைப்பார். 1990இல் வந்த ஃபோட்டோஷாப், 1996இல் வந்த இலவச மென்பொருளான ஜிம்ப் ஆகிய இரண்டிலும் இதற்கான தூரிகைகள் உண்டு. 2000ஆம் ஆண்டில் பெர்தால்மியோ முதலிய அறிஞர்கள், ஓவியங்களைச் செப்பனிடும் அருங்காட்சியகக் கலைஞர்களின் முறையைப் பின்பற்றி, ஓட்டையின் விளிம்பில் முடியும் கோடுகளை உள்நோக்கி நீட்டும் கணக்கை வகுத்தார்கள்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. கறை மூடிய கண்ணைக்கூட வரைந்து தந்துவிடும். ஆனால் அது யாருடைய கண்? லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்து அது ஊகித்த கண், அம்முச்சியுடையது அன்று. அழிந்துபோன செய்தியை எந்தக் கணக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் மின்வடிவில் பாதுகாத்திருக்கிறது. ஆவணக் காப்பாளர்களின் பொது விதி ஒன்றுதான்: கறையோடு உள்ள முதல் பதிவை மாற்றாமல் வைத்திரு, திருத்தமெல்லாம் நகலில் செய்.

நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் படத்தைத் தண்ணீரால் துடைக்காதீர்கள். ஜெலட்டின் ஊறிக் கரையும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். முக்கியமாக, படத்தில் இருப்பவரையோ அவரை அறிந்தவரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பேத்தியும் அதைத்தான் செய்தாள். முதல் பதிவைத் திறந்து, ஒவ்வொரு புள்ளியாகக் காட்டி, "இது என்ன அம்முச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு மாலைகள் ஆயின. மூக்குத்தி திரும்பி வந்தது. அப்புச்சியின் தாடையில் கறை என்று அவள் எண்ணியிருந்த ஒன்று, சிறு வயதில் விழுந்த தழும்பு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.