பாம்பு கடித்தாலும் ஆட்டம் முடிவதில்லை

வைகுண்ட ஏகாதசி இரவில் தூக்கம் வராமல் இருப்பதற்காகப் பரமபதம் ஆடுவது நம்மில் பலர் வீட்டு வழக்கம். புனேக்குக் குடிவந்த பிறகு எங்கள் வீட்டில் அது நின்று போயிருந்தது. மறுநாள் ஆபீஸ் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கு. சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பா காலமானார். அதன் பிறகு அம்மா திருச்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்து தங்கினார். அவருடைய பெட்டியில் துணிமணிகளுக்கு அடியில் அப்பாவின் பரமபதப் படம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் கோயில் வாசல் கடை ஒன்றில் எப்போதோ வாங்கியது. மடிப்புகளில் கிழிந்து போய், பின்புறம் பழைய வேட்டித் துணி ஒட்டியிருந்தார் அப்பா. கூடவே ஒரு தகர டப்பாவில் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள், சோழிகள், புளியங்கொட்டைகள், ஒரே ஒரு குன்றிமணி.

"இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. ஆனா ஏகாதசி பண்டிகை இல்லை, விரதம். அதனால ஆடலாம்" என்றார் அம்மா. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. கடையில் விற்கும் பாம்பும் ஏணியும் அவள் நிறைய ஆடியிருக்கிறாள். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் அவள் முகம் மாறிவிட்டது.

காரணம் இருக்கிறது. பரமபத சோபான படம் என்பது இதன் முழுப் பெயர். சோபானம் என்றால் படிக்கட்டு. ஒரு உயிர் கீழே இருந்து புறப்பட்டுப் பரமபதம் சேரும் வரை படும் பாட்டை ஒரே தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அடியில் மிருகப் பிறவிகள். மேலே போகப் போகப் புண்ணிய உலகங்கள். ஏணிகளுக்கு நல்ல குணங்களின் பெயர்கள். பாம்புகளுக்கோ புராணத்தில் கெட்டுப் போனவர்களின் பெயர்கள். படத்துக்குப் படம் பெயர்களும் கட்டங்களும் மாறும். ஆனால் கதை ஒன்றுதான்.

எங்கள் படத்தில் ஒரு பாம்பின் தலையருகே நகுஷன் என்று போட்டிருக்கிறது. இந்திரன் இல்லாத சமயத்தில் இந்திர பதவியையே அடைந்த அரசன் அவன். பதவி தலைக்கேறி, முனிவர்களைப் பல்லக்குத் தூக்க வைத்தான். விரைந்து நடக்கச் சொல்லி "சர்ப்ப, சர்ப்ப" என்று அகஸ்தியரைக் காலால் உதைத்தான். அந்தச் சொல்லுக்குப் பாம்பு என்றும் பொருள் உண்டு. "நீ சர்ப்பமாகவே போ" என்று அவர் சபித்தார். உச்சிக்கு ஏறியவன் மலைப்பாம்பாகக் கீழே விழுந்தான். ஏணி ஏறிப் பாம்பில் இறங்கும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை எது? அம்மா இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லித்தான் ஆட்டத்தை நடத்தினார். பொறாமை, கர்வம், கொலை, சாபம், நரகம் எல்லாம் வந்தன. தொலைக்காட்சியில் வந்தால் "குழந்தை பார்க்கக் கூடாது" என்று நான் நிறுத்திவிடும் சமாசாரங்கள்.

பரமபதத்துக்குச் சில கட்டங்களே இருந்தபோது மகளின் காய் பெரிய பாம்பின் வாயில் போய் விழுந்தது. வால் நேராகக் கீழ் வரிசையில் பன்றிப் பிறவியில் முடிந்தது. அவள் உதடு துடித்தது. "நான் என்ன தப்பு பண்ணேன் பாட்டி? தாயக்கட்டைதானே அப்படி விழுந்தது?" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சின்னக் குழந்தைதானே அம்மா, இன்னொரு தடவை உருட்டட்டும்" என்றேன். "கூடாது. பாம்பு கடிச்சா இறங்கித்தான் ஆகணும். ஆட்டம் முடிஞ்சுதுன்னு யார் சொன்னா? தாயம் போட்டு நாமெல்லாம் எங்கேயிருந்து கிளம்பினோம்? அங்கேதான் நிக்கறே" என்றார் அம்மா.

அன்றிரவு நான் அம்மாவின் பக்கம் இல்லை. குழந்தைகளுக்கான விளையாட்டில் இவ்வளவு இருட்டு எதற்கு என்றுதான் தோன்றியது. பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல என்று தெரிந்தது. உலகில் பல இடங்களில், குடும்பம் முழுவதும் உட்கார்ந்து ஆட வேண்டிய கதைப் பலகைகளில் மரணமும் சிறையும் நாசமும் கட்டங்களாக இருந்திருக்கின்றன.

பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். வட இந்தியாவில் இதற்கு ஞான சௌபட் என்று பெயர். 72 கட்டங்கள் கொண்ட பலகைகள் உண்டு. சமணர்கள் தங்கள் கொள்கைப்படி 84 கட்டங்கள் வைத்தார்கள். இங்கே மராத்தியில் இது மோட்சபட். ஞானேஸ்வரர் உருவாக்கியது என்று மரபாகச் சொல்வார்கள். எங்கள் அடுத்த வீட்டு மராத்திப் பாட்டி, அப்பாவின் படத்தைப் பார்த்ததுமே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர், பாம்புகளைத் தடவிப் பார்த்து எது எந்தப் பாவம் என்று விசாரித்தார். பழைய பலகைகளில் பெரும்பாலும் பாம்புகள் அதிகம், ஏணிகள் குறைவு. நல்ல வழியில் ஏறுவது கடினம், சறுக்குவது சுலபம் என்பது அதன் பொருள்.

இந்த விளையாட்டு ஆங்கிலேயர் வழியாக இங்கிலாந்து போயிற்று. 1892இல் லண்டனில் எஃப். எச். அயர்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் உற்பத்தியாளர் இதைப் 'பாம்புகளும் ஏணிகளும்' என்று வெளியிட்டார். அங்கே முதலில் பாவ புண்ணியப் படங்கள் இருந்தன. போகப் போக அவை மறைந்து எண்கள் மட்டும் மிஞ்சின. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனி 1943இல் வெளியிட்ட பதிப்பில் பாம்பையே எடுத்துவிட்டு, பூங்காவில் இருக்கும் சறுக்கு மரத்தை வைத்தார்கள். விஷமம் செய்த பிள்ளை சறுக்கி வருகிறான், அவ்வளவுதான். நகுஷன் காணாமல் போய்விட்டான்.

ஐரோப்பாவிலும் சொந்தமாக ஒரு பரமபதம் உண்டு. அதை வாத்து விளையாட்டு என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பரவியது. பிளாரன்ஸ் நகரின் மெடிசி குடும்பத்துப் பிரபு, ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு இதைப் பரிசாக அனுப்பினார். 1597இல் லண்டனில் அச்சிடப் பதிவு செய்தார்கள். சுருண்டு உள்ளே போகும் பாதையில் 63 கட்டங்கள். நாம் 60 வயது நிறைவை ஒரு பெரிய கட்டமாகக் கருதி மணிவிழா செய்வதுபோல, அக்கால ஐரோப்பியர் 63ஆம் வயதைப் பெரிய கண்டமாக எண்ணினார்கள். வழியில் வாத்து உள்ள கட்டத்தில் நின்றால் அதே எண்ணிக்கை மறுபடி முன்னேறலாம். ஆனால் 31இல் கிணறு, 42இல் புதிர்ப்பாதை, 52இல் சிறை. 58இல் மரணம். மண்டை ஓடோ எலும்புக்கூடோ வரைந்திருப்பார்கள். இறுதிக்கு ஐந்தே கட்டம் இருக்கும்போது அதில் விழுந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் பெரிய பாம்பு உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டு பலகைகளிலும் மிகப் பெரிய ஆபத்து வாசலுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது.

மூன்றாவது கதை இன்னும் கடுமையானது. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற இளைஞர் கல் அச்சுத் தொழில் செய்துவந்தார். ஆபிரகாம் லிங்கனின் படத்தை அச்சிட்டு விற்றார். லிங்கன் தாடி வளர்த்துக்கொண்டதும், தாடி இல்லாத படத்தை வாங்க ஆள் இல்லை என்று சொல்வார்கள். 1860இல் அவர் வெளியிட்ட பலகை விளையாட்டு அவரைக் காப்பாற்றியது. 'கட்டம் போட்ட வாழ்க்கை விளையாட்டு' என்று அதற்குப் பெயர். முதல் ஆண்டிலேயே 40,000க்கு மேல் விற்றது. சதுரங்கப் பலகை போல 64 கட்டங்கள். ஒரு மூலையில் சிசுப் பருவம், எதிர் மூலையில் மகிழ்ச்சியான முதுமை. இடையில் பள்ளி, கல்லூரி, திருமணம் இருந்தன. வறுமை, சிறை, அவமானம், நாசம் ஆகியவையும் இருந்தன. சூதாட்டக் கட்டத்தில் நின்றால் நாசத்துக்குப் போக வேண்டும். சோம்பல் அவமானத்தில் கொண்டு விடும். தற்கொலை என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதில் காய் வைத்தவர் ஆட்டத்தை விட்டே விலக வேண்டும். பிள்ளைகள் ஆடுவதற்குத்தான் இதை விற்றார்கள்.

இந்த விளையாட்டில் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. தாயக்கட்டை சூதாட்டக்காரர்களின் சாமான் என்று கருதப்பட்டதால், பிராட்லி விரலால் சுழற்றும் பம்பரம் வைத்தார். பம்பரத்தில் விழும் எண் எத்தனை கட்டம் போகலாம், எந்த வாக்கில் போகலாம் என்று சொல்லும். மேலே போவதா கீழே போவதா, வலமா இடமா என்பதை ஆடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதிர்ஷ்டம் பாதி, தேர்வு பாதி. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று என் மகள் கேட்டாளே, அந்தக் கேள்விக்கு பிராட்லி ஒரு பதில் வைத்திருந்தார். நீதான் அந்தப் பக்கம் திரும்பினாய் என்பதே அது.

பரமபதத்தில் அந்தப் பதில் கிடையாது. நகுஷன் தன் அகந்தையால் விழுந்தான், ஆனால் அவன் கட்டத்தில் நிற்கும் குழந்தை வெறும் தாயக்கட்டையால் விழுகிறது. வினைப்பயன் என்று சொல்லிக்கொண்டு விதியை உருட்டுகிறோம். இது பெரிய முரண்பாடு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாழ்க்கை எனக்குக் காட்டியது பிராட்லியின் பலகையைவிட இதற்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. நோயும் சாவும் யாரும் திரும்பிய பக்கம் பார்த்து வருவதில்லை. அப்பா எந்தக் கட்டத்திலும் தவறாகத் திரும்பவில்லை.

ஆகவே இந்தப் பலகைகளில் இருட்டு இருக்கிறதா என்று கேட்பது போதாது. விழுந்தவனுக்கு அதன்பின் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும். பிராட்லியின் கடைசிக் கட்டத்தில் விழுந்தவன் எழுந்து போய்விட வேண்டும், மற்றவர்கள் ஆடுவார்கள். வாத்து விளையாட்டில் செத்தவன் தொடக்கத்துக்கு வருகிறான். பரமபதத்தில் பன்றியாகப் பிறந்தவனும் அடுத்த முறை தாயக்கட்டையைக் கையில் வாங்குகிறான், அவனுக்கும் ஏணி உண்டு. யாரையும் விளையாட்டிலிருந்து வெளியே அனுப்புவதில்லை. மகாபாரதத்தில் நகுஷனுக்கும் கடைசியில் தருமபுத்திரரால் சாப விமோசனம் கிடைக்கிறது.

1960இல் பிராட்லி கம்பெனி தன் நூற்றாண்டுக்காக அந்த விளையாட்டைப் புதிதாகச் செய்தது. தற்கொலைக் கட்டம் இல்லை. சின்னக் கார்கள், சுழல் சக்கரம், கட்டுக்கட்டாகக் காகிதப் பணம். கோடீசுவரனாக முடிவதே வெற்றி. அந்த ஒரு கட்டத்தை நீக்கியது சரிதான். பிள்ளைகள் ஆடும் பலகையில் அது இருக்கக் கூடாது. ஆனால் விழுவதை எல்லாம் நீக்கிவிட்டுப் பணத்தை மட்டும் வைத்தால், அது எந்த வாழ்க்கையின் கதை?

அந்த ஏகாதசி இரவுக்கு வருகிறேன். அழுகை அடங்கியதும் மகள் டப்பாவைக் கிளறினாள். குன்றிமணியை எடுத்து, "இது யாரோடது?" என்றாள். "தாத்தாவோடது. அவர் எப்பவும் அதை வச்சுத்தான் ஆடுவார்" என்றார் அம்மா. அப்பா இறந்தபோது பள்ளிக்கூடம் கெடும் என்று சொல்லி அவளைத் திருச்சிக்கு நாங்கள் அழைத்துப் போகவில்லை. அதன் பிறகு அவளும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. இப்போது படத்தைப் பார்த்தபடியே, "தாத்தா இதுல எங்க இருக்கார் பாட்டி?" என்றாள். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லி மழுப்பியிருப்பேன். அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "தெரியலைடி கண்ணு. மேலே இருப்பார்னு நினைச்சுக்கறேன்" என்றார். பிறகு அவர்கள் இருவரும் அப்பாவைப் பற்றி விடியும் வரை பேசினார்கள். ஆட்டமும் நடந்தது. யார் முதலில் பரமபதம் சேர்ந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீட்டில் ஆடுகிறோம். மராத்திப் பாட்டியும் வந்துவிடுகிறார். சங்கத்து அன்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு படம் வாங்கி வாருங்கள். தாயக்கட்டை கிடைக்காவிட்டால் சோழி போதும். ஆடும்போது பாம்பின் பெயரைப் படித்து, அதன் கதையைச் சொல்லுங்கள். குழந்தையின் காயைப் பாம்பு கடித்தால், பரிதாபப்பட்டு மேலே தூக்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த முறை வரும் வரை பேசிக்கொண்டிருங்கள். அப்பாவின் குன்றிமணியை இப்போது என் மகள் வைத்து ஆடுகிறாள்.