கூண்டுப் பறவைகளுக்குப் பசிய உணவு

1890-ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவில் பணியாற்றிய கிறிஸ்டியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியையே உண்டுவந்த கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியை அளித்தபின் அவை தேறுவதையும் கண்டார். உயிர்ச்சத்து ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய இப்பணிக்காக 1929-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். வயிறு நிறைந்த பறவையும் சத்துக் குறைவால் நோயுறும் என்பதே இதன் படிப்பினை.

இது கூண்டுப் பறவைக்கும் பொருந்தும். சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியிலும் ‘லவ் பேர்ட்ஸ்’ எனப்படும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகளை வளர்ப்போர் உளர். (நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.) இவற்றுக்குத் தினை மட்டும் இட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆயின் தினையில் உயிர்ச்சத்து ஏ-யும் சுண்ணாம்புச்சத்தும் மிகக் குறைவு. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் வாய், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்படலம் தடித்து, தொற்றுநோய்க்கு இடம் தருகிறது. பறவையோ தன் நோயை மறைக்கும் இயல்புடையது. சோர்வு வெளிப்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இதற்குப் பரிகாரம் அருகிலேயே உள்ளது. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட், மஞ்சள் பூசணி, முளைகட்டிய பயறு ஆகியவற்றை நன்கு கழுவி, பொடியாக நறுக்கி அளிக்கலாம். இப்பறவையின் எடை சுமார் 30 முதல் 40 கிராமே. ஆதலின் இரண்டு பறவைகளுக்குக் காலையில் ஒரு தேக்கரண்டி போதும். எஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்குள் அகற்றுக. கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவைத்தால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். புதிய உணவைப் பறவை உடனே ஏற்காது. பட்டினி போடாமல், தானியத்துடன் சேர்த்துச் சில வாரங்களில் பழக்குக.

அவகாடோ, சாக்லேட், காப்பி, வெங்காயம், ஆப்பிள் விதை, உப்பிட்ட பண்டங்கள் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். நிலக்கடலை விளையும் இம்மாவட்டத்தார் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே காரணம். கழுவுவதாலோ வறுப்பதாலோ இந்நஞ்சு முற்றும் நீங்காது. பூஞ்சணம் கண்ட கடலையைப் பறவைக்கு இடலாகாது.

பள்ளியில் இத்தகைய பறவைகள் இருப்பின், நாள்தோறும் இட்ட உணவையும் எஞ்சியதையும், வாரந்தோறும் எடையையும் மாணவர் குறித்துவரச் செய்யலாம். இறகு மறைக்கும் மெலிவைத் தராசு காட்டிவிடும்.